கறுப்புப் புகைக்குக் காரணம் தேடுவோம்

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டதன் பின்னர் வடக்கிற்கு எரிபொருள் வருவது தடைப்பட்டது. வன்னியில் பெற்றோல் என்பது சிறு போத்தலில் பத்திரப்படுத்தி வைக்கும் பொருளாயிற்று. பழைய ஒஸ்ரின் கார்களும் மொறிஸ் மைனர்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெய்க்கு மாறின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலைக் கார்பரேற்றருக்குள் விட்டு எஞ்சினைத் தொடக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடவிட்டார்கள். எரியாமல் மிஞ்சியது கரியாகப் படிந்தது. பிளக்கைக் கழற்றி, கரியைச் சுரண்டி, மீண்டும் பூட்டுவது அன்றாட வேலையாக இருந்தது. கரி பிடித்தால் எஞ்சின் இழுக்காது என்ற பாடத்தை எமது மக்கள் எந்தத் தொழிற்கூடத்திலும் படிக்கவில்லை. பொருளாதாரத் தடைதான் படிப்பித்தது.

2002இல் ஏ-9 வீதி திறந்தபோது தெற்கிலிருந்து புதிய வகை வாகனங்கள் வந்தன. 2006 ஓகஸ்டில் அந்தப் பாதை மீண்டும் மூடப்பட்டது. 2009இல் பரந்தன் - முல்லைத்தீவு வீதி நெடுகிலும் வாகனங்களைக் கைவிட்டு, உயிரை மட்டும் கொண்டு வந்தவர்கள் எம்மில் பலர். மீள்குடியேறிய பின் நகையை ஈடு வைத்தும், லீசிங்கில் எடுத்தும் மறுபடி ஒரு வாகனத்தை வாசலில் நிறுத்திய குடும்பங்கள் உண்டு. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வான், மரக்கறியும் மீனும் ஏற்றும் சிறிய லொறி, வாடகைக்கு விடும் கார் என்று பல வீடுகளின் அடுப்பு இன்று சக்கரத்தின் மேல்தான் எரிகிறது. அவற்றில் சிலவற்றின் உரிமையாளர் ஒரு பெண். சாரதியை வைத்து ஓட்டுவிப்பவராகவோ, தானே ஓட்டுபவராகவோ அவர் இருக்கிறார்.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆகையால் எமது வீதிகளில் ஓடுபவற்றில் பல வயதுபோன வாகனங்கள். அவற்றைப் பராமரித்து ஓடுவதைத் தவிர வேறு வழி எம்மிடம் இல்லை. இந்த வாகனங்களிலும் கரிதான் எதிரி. ஆனால் அது இப்போது வேறோர் இடத்தில் ஒளிந்திருக்கிறது. அந்த இடத்தின் பெயர் இ.ஜி.ஆர். வால்வு. தமிழில் கழிவுப்புகை மீள்சுழற்சி வால்வு என்று சொல்லலாம்.

"வால்வு போய்விட்டது, புதிது போடவேண்டும்" என்று கராச்சில் சொன்னால் பலர் மறுபேச்சின்றிக் காசைக் கொடுத்துவிடுகிறோம். ஆனால் அந்த வால்வு பல வேளைகளில் பழுதாகியிருக்காது, அழுக்காகியிருக்கும். கழுவினால் போதும். பழுதுக்கும் அழுக்குக்கும் வேறுபாடு காண்பது எப்படி என்பதையே இக்கட்டுரை சொல்கிறது.

இந்த வால்வு எதற்கு?

நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 78 வீதம் நைதரசன், 21 வீதம் ஒட்சிசன். சாதாரண வெப்பத்தில் இவை இரண்டும் ஒன்றோடொன்று சேர்வதில்லை. எஞ்சினுக்குள் எரிபொருள் மிகக் கடும் வெப்பத்தில் எரியும்போது இரண்டும் சேர்ந்து நைதரசன் ஒட்சைட்டுகள் என்ற நச்சு வாயுக்கள் உண்டாகின்றன. இவை மூச்சுக்குழாயை அரிக்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு மிகவும் கூடாது.

வெப்பத்தைக் குறைக்க ஓர் உபாயம் கண்டார்கள். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையில் ஒரு பகுதியைத் திருப்பி, உள்ளே போகும் காற்றோடு கலந்துவிடுவது. புகையில் ஒட்சிசன் குறைவு. ஆகவே எரிதல் சற்றுத் தணிகிறது, வெப்பம் குறைகிறது, நச்சு வாயுவும் குறைகிறது. அடுப்பில் தீ மிஞ்சும்போது விறகைச் சற்று வெளியே இழுத்து வைப்பதைப் போன்றது இது. எவ்வளவு புகையை, எந்த நேரத்தில் உள்ளே விடுவது என்று திறந்து மூடும் கதவுதான் இந்த வால்வு. அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்தில் கார்களில் இது பொருத்தப்படலாயிற்று. பின்னர் உலகெங்கும் பரவியது.

எல்லா வாகனத்திலும் இது இல்லை. மோட்டார் சைக்கிள், ஓட்டோ, இரண்டு சக்கர உழவு இயந்திரம் ஆகியவற்றில் பொதுவாக இல்லை. டீசல் வான்கள், பிக்கப்புகள், புதிய கார்கள் பலவற்றில் உண்டு. உங்கள் வாகனத்தில் இருக்கிறதா என்பதை முதலில் கேட்டறிந்து கொள்ளுங்கள். இல்லாத வால்வுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை அல்லவா?

எங்கே இருக்கிறது?

பொனற்றைத் திறந்தால், எஞ்சினின் ஒரு பக்கத்தில் எயார் பில்டரிலிருந்து காற்று உள்ளே போகும் பெரிய குழாயும், இன்னொரு பக்கத்தில் புகை வெளியேறும் துருப்பிடித்த தடித்த இரும்புக் குழாயும் இருக்கும். இவை இரண்டையும் இணைத்து விரலளவு தடிப்பான ஓர் உலோகக் குழாய் போகும். அந்தக் குழாயின் வழியில் இருப்பதே வால்வு.

அது இரண்டு வகை. பழைய வாகனங்களில் அதன் தலை சிறிய தட்டுமூடி போல வட்டமாக இருக்கும். அதிலிருந்து மெல்லிய இறப்பர்க் குழாய் ஒன்று போகும். இது உறிஞ்சு வகை. குழாய் வழியாகக் காற்று உறிஞ்சப்படும்போது, தலைக்குள் இருக்கும் இறப்பர்ச் சவ்வு மேலெழும்பி வால்வைத் திறக்கும். புதிய வாகனங்களில் இறப்பர்க் குழாய்க்குப் பதிலாக வயர் பிளக் ஒன்று மாட்டியிருக்கும். இது மின் வகை. எஞ்சினின் கணினி இதனைத் திறந்து மூடும்.

கரி ஏன் பிடிக்கிறது?

டீசல் புகையில் நுண்ணிய கரித்தூள் உண்டு. எஞ்சின் ஒயிலின் ஆவியும் காற்றுப் பாதைக்குள் வந்து சேரும். உலர்ந்த தூளும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்தால் என்ன ஆகும்? சமையலறைப் புகைக்கூண்டில் ஒட்டியிருக்கும் பிசுபிசுத்த கரியைப் பாருங்கள். அதேதான் வால்விலும் படிகிறது. நாளடைவில் வால்வின் தண்டு இறுகிவிடும்.

எமது பகுதிகளில் இதற்கு வாய்ப்பு அதிகம். உள்வீதிகளில் மெதுவாக ஓடுகிறோம். பாடசாலை வாசலில் எஞ்சினை நிறுத்தாமல் காத்திருக்கிறோம். வீட்டுக்கும் சந்தைக்குமாகக் குறுந்தூரம் ஓடி, எஞ்சின் நன்றாகச் சூடேற முன்னர் நிறுத்திவிடுகிறோம். புழுதியால் எயார் பில்டர் அடைபட்டு, காற்றுப் போதாமல் கரி இன்னும் கூடுகிறது.

வாகனம் காட்டும் அறிகுறிகள்

வால்வு இரண்டு விதமாகக் கெடலாம். திறந்தபடி இறுகலாம், அல்லது மூடியபடி இறுகலாம்.

திறந்தபடி இறுகினால் எந்நேரமும் புகை உள்ளே போய்க்கொண்டிருக்கும். எஞ்சினுக்கு நல்ல காற்றுப் போதாது. டீசல் வாகனம் அக்சிலேற்றரை மிதிக்கும்போது கறுப்புப் புகை கக்கும். ஏற்றத்தில் இழுக்காது. டீசல் கூடுதலாகக் குடிக்கும். பெற்றோல் வாகனம் நிற்கும்போது நடுங்கும், சில வேளை தானே அணைந்துவிடும். முறிகண்டிப் பிள்ளையாரடியில் வாகனத்தை நிறுத்திக் கற்பூரம் கொளுத்த இறங்குகிறீர்கள். அப்போது எஞ்சின் சீராக ஓடுகிறதா, தூக்கித் தூக்கிப் போடுகிறதா என்று கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.

மூடியபடி இறுகினால் டீசல் வாகனத்தில் பெரிய வேறுபாடு தெரியாமல் போகலாம். எஞ்சின் விளக்கு மட்டும் எரியலாம். பெற்றோல் வாகனத்தில் பாரத்தோடு ஏறும்போது எஞ்சினுக்குள் "டிக் டிக்" என்று தட்டும் சத்தம் கேட்கலாம்.

புகையின் நிறத்தையும் கவனியுங்கள். கறுப்பு என்றால் எரிபொருள் கூடிவிட்டது அல்லது காற்றுக் குறைந்துவிட்டது. நீலம் என்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது. எஞ்சின் சூடான பின்னும் அடர்ந்த வெள்ளைப் புகை வந்தால் றேடியேற்றர்த் தண்ணீர் எஞ்சினுக்குள் போகிறதா என்று பார்க்க வேண்டும். நீலப் புகைக்கு இ.ஜி.ஆர். வால்வைக் கழுவிப் பயனில்லை.

எரிபொருள் கூடுதலாகப் போகிறதா என்பதைக் கணக்கெழுதித்தான் அறிய முடியும். தாங்கியை நிரப்பி, மீற்றரில் உள்ள கிலோமீற்றரைக் குறித்து வையுங்கள். சில நாள் ஓடியபின் மீண்டும் நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை ஊற்றிய லீற்றரால் பிரியுங்கள். உதாரணமாக, லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடிய வான் இப்போது 8 கிலோமீற்றர்தான் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 60 கிலோமீற்றர் ஓடினால் முன்பு 6 லீற்றர், இப்போது ஏழரை லீற்றர். 25 நாளில் முப்பத்தேழரை லீற்றர் டீசல் வீணாகிறது. 2022ஆம் ஆண்டு எரிபொருள் வரிசையில் இரவு பகலாகக் காத்து நின்றவர்களுக்கு அதன் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை.

வால்வைக் குறை சொல்ல முன்

கறுப்புப் புகைக்கு இந்த வால்வு மட்டுமே காரணம் அல்ல. இலகுவானதிலிருந்து தொடங்குவோம்.

முதலாவது, எயார் பில்டர். அதைக் கழற்றி வெளிச்சத்திற்கு எதிரே பிடியுங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றுங்கள். கடதாசிப் பில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது.

இரண்டாவது, குழாய்கள். எஞ்சின் வெப்பத்தில் இறப்பர்க் குழாய்கள் வெடித்துப்போகும். டேர்போ உள்ள வாகனத்தில் பெரிய காற்றுக் குழாய் கிழிந்திருந்தாலும் கறுப்புப் புகை வரும், இழுவை குறையும். உறிஞ்சு வகை வால்வின் மெல்லிய குழாய் கழன்றிருந்தாலே அந்த வால்வு வேலை செய்யாது. அதை மாட்டிவிட்டால் வேலை முடிந்தது.

மூன்றாவது, வயர்கள். வாகனத்தை மால் அருகிலோ நெல் மூடைக்குப் பக்கத்திலோ நிறுத்துபவர்கள் எலி கடித்த வயரைத் தேடிப் பார்க்க வேண்டும்.

நான்காவது, எரிபொருள். விலை குறைவென்று மண்ணெண்ணெய் கலந்த டீசலை வாங்காதீர்கள். டீசலில் உள்ள வழுவழுப்பு மண்ணெண்ணெயில் போதாது. பம்பும் இன்ஜெக்டரும் தேய்ந்துவிடும். அந்தச் செலவு வால்வின் செலவைவிட மிகப் பெரிது.

எஞ்சின் விளக்கு எரிந்தால் ஸ்கானர் கருவியால் பிழைக் குறியீட்டை வாசிக்கச் சொல்லுங்கள். அதை உங்கள் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். பி0401 என்றால் புகை போதியளவு திரும்பிப் போகவில்லை. பி0402 என்றால் அளவுக்கு மிஞ்சிப் போகிறது. பி0403 என்றால் மின்சுற்றில் கோளாறு. இவற்றில் எதுவும் "வால்வை மாற்று" என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பாதையில் கரி அடைத்திருந்தாலும் முதலாவது குறியீடு வரும். தண்டுக்கடியில் ஒரு கரித்துண்டு சிக்கியிருந்தாலும் இரண்டாவது வரும். பிளக் ஒழுங்காக மாட்டப்படாவிட்டாலும் மூன்றாவது வரும். குறியீடு என்பது எங்கே தேடவேண்டும் என்பதை மட்டுமே காட்டுகிறது.

வால்வைச் சோதித்தல்

உறிஞ்சு வகையில், எஞ்சின் நிறுத்திக் குளிர்ந்திருக்கும்போது, மெல்லிய குழாயைக் கழற்றி அந்த இடத்தில் கையால் இயக்கும் உறிஞ்சு பம்பைப் பொருத்த வேண்டும். கராச்சுகளில் இந்தப் பம்ப் இருக்கும். உறிஞ்சும்போது தண்டு மேலெழும்பி அப்படியே நிற்க வேண்டும். எழும்பிய தண்டு தானே இறங்கினால் உள்ளிருக்கும் சவ்வு கிழிந்துவிட்டது. அது உண்மையான பழுது. சவ்வு உறிஞ்சலைப் பிடித்துக்கொண்டும் தண்டு அசையாவிட்டால், அல்லது உறிஞ்சலை விட்டபின் தண்டு கீழே இறங்காவிட்டால், அது கரி. கழுவலாம்.

பெற்றோல் வாகனத்தில் இன்னொரு சோதனையும் உண்டு. எஞ்சின் மெதுவாக ஓடி நிற்கும் நேரத்தில் பம்பால் வால்வைத் திறந்தால் எஞ்சின் தடுமாற வேண்டும். ஒரு மாற்றமும் இல்லை என்றால் பாதை கரியால் அடைபட்டிருக்கிறது. டீசல் வாகனத்தில் இந்தச் சோதனை பொருந்தாது. அதில் எஞ்சின் சும்மா ஓடும்போதே வால்வு திறந்திருக்கலாம். அங்கே பார்க்க வேண்டியது, அக்சிலேற்றரைச் சட்டென்று அழுத்தும்போது தண்டு இறங்கி மூடுகிறதா என்பதையே. ரோர்ச் லைற் பிடித்துப் பார்த்தால் தெரியும்.

மின் வகையில் ஸ்கானர் மூலம் திறக்கவும் மூடவும் கட்டளை கொடுத்துப் பார்க்கலாம். வால்வு கட்டளைக்கு அசைகிறதா, முழுமையாக மூடுகிறதா என்று திரையில் தெரியும்.

கழற்றிய வால்வு ஒழுங்காக மூடுகிறதா என்று அறிய ஓர் இலகுவான வழி உண்டு. தண்டு மூடியிருக்கும் நிலையில் அதன் வாய்க்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விடுங்கள். மறுபக்கத்தால் ஓடி ஒழுகினால் அது மூடவில்லை. இறங்காமல் நின்றால், அல்லது மிக மெதுவாகக் கசிந்தால், பயமில்லை.

எஞ்சினை ஓடவிட்டுச் செய்யும் சோதனைகளைத் திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள். அடைத்த கொட்டகைக்குள் செய்யக் கூடாது. புகையில் உள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆளை மயக்கிக் கொன்றுவிடும். சேலைத் தலைப்பு, தாவணி, பின்னல் ஆகியவற்றைச் சுற்றும் பெல்ற்றில் படாதவாறு கட்டிக்கொள்ளுங்கள்.

கழற்றிக் கழுவுதல்

வாகன வேலை பழகியவர்கள் உறிஞ்சு வகை வால்வை வீட்டிலேயே கழுவலாம். மற்றவர்கள் கராச்சில் செய்விக்கும்போது பக்கத்தில் நின்று பார்ப்பதற்காவது இம்முறையை அறிந்திருப்பது நல்லது.

1. எஞ்சின் முழுதாகக் குளிரும்வரை பொறுங்கள். காலையில் தொடங்குவது உத்தமம்.

2. பற்றறியின் கறுப்பு வயரைக் கழற்றுங்கள்.

3. கழற்ற முன்னர் கைத்தொலைபேசியால் எல்லாப் பக்கத்தாலும் படம் எடுத்து வையுங்கள். எந்தக் குழாய் எங்கே போனது என்பதில் பிறகு குழப்பம் வராது.

4. துருப்பிடித்த நட்டுகளை அவசரப்பட்டுத் திருகினால் முறிந்துவிடும். துரு நீக்கும் எண்ணெய் விசிறிக் கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள்.

5. வால்வைக் கழற்றியதும் திறந்திருக்கும் எஞ்சின் வாய்களைச் சுத்தமான துணியால் அடையுங்கள். எத்தனை துணி வைத்தீர்கள் என்று எண்ணி வையுங்கள். ஒரு நட்டோ கரிக்கட்டியோ உள்ளே விழுந்தால் எஞ்சினுக்கே சேதம் வரும்.

6. கையுறை, முகக்கவசம், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தடித்த கரியை மரத்துண்டால் சுரண்டுங்கள். பின்னர் கார்பரேற்றர் கிளீனர் விசிறி, பழைய பல்துலக்கியால் தேயுங்கள். மீண்டும் மீண்டும் செய்ய வேண்டியிருக்கும். உலர்ந்த கரியை வாயாலோ காற்றுப் பம்பாலோ ஊதாதீர்கள். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் அறிவித்தது. அந்தப் புகையின் கரியே இது.

7. கழுவும் திரவம் சவ்வுக்குள்ளோ மின் பகுதிக்குள்ளோ போகக் கூடாது. தலைப்பகுதி மேலே இருக்கும்படி பிடித்துக் கழுவுங்கள். முழு வால்வையும் மண்ணெண்ணெய்ச் சட்டியில் ஊறப்போடாதீர்கள். தீயில் வாட்டிக் கரியை எரிப்பதும் கூடாது. மின் வகையின் தண்டைக் கையால் பலவந்தமாக அழுத்தினால் உள்ளிருக்கும் பற்சக்கரம் உடைந்துவிடும்.

8. வால்வை மட்டும் கழுவினால் போதாது. அதற்குப் போகும் குழாயையும், அது சேரும் காற்று வாயையும் சுத்தம் செய்யுங்கள். அடைபட்ட பாதையில் புது வால்வைப் போட்டாலும் அதே கோளாறுதான்.

9. பூட்டும்போது புதிய காஸ்கற் போடுங்கள். விலை சிறிது, பயன் பெரிது. பழையதைப் போட்டால் புகை கசிந்து "புஸ் புஸ்" என்று சத்தம் வரும். நட்டுகளை ஒரே பக்கத்தில் இறுக்கி முடிக்காமல் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

10. வைத்த துணிகளை எண்ணி எடுங்கள். பற்றறியை மாட்டி, பிழைக் குறியீட்டை ஸ்கானரால் அழித்துவிட்டு ஓடிப் பாருங்கள். சில நாளில் அதே குறியீடு திரும்ப வராவிட்டால் வேலை சரி.

முதல் தடவை தொடக்கும்போது கொஞ்சம் புகை வரலாம். அது கழுவிய திரவம் எரிவதால் வருவது. பயப்படாதீர்கள். கழுவிய அழுக்கைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். பழைய பத்திரிகையில் ஒற்றி எடுத்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள். கழுவும் இடத்தில் அடுப்போ, நெருப்புக்குச்சியோ, விளையாடும் பிள்ளைகளோ இருக்கக் கூடாது.

எப்போது புதியது போடவேண்டும்?

சவ்வு கிழிந்திருந்தால், தண்டு வளைந்திருந்தால், நன்றாகக் கழுவிய பின்னரும் மண்ணெண்ணெய் தாராளமாக ஒழுகினால், மின் பகுதி கட்டளைக்கு அசையாவிட்டால் மாற்றத்தான் வேண்டும். வயர், பிளக் எல்லாம் சரியென்று பார்த்த பின்னரே மாற்றுங்கள். பழைய வாகனங்களிலிருந்து கழற்றிய வால்வும் கடைகளில் கிடைக்கும். அதை வாங்கும்போது மேலே சொன்ன சோதனைகளைக் கடையிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை. சில டீசல் வாகனங்களில் திரும்பிப் போகும் புகையைத் தண்ணீரால் குளிர்விக்கும் கூலர் ஒன்று உண்டு. வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமல் றேடியேற்றர்த் தண்ணீர் குறைந்துகொண்டே போய், வெள்ளைப் புகையும் வந்தால் அந்தக் கூலர் உட்பக்கமாகக் கசிவதாக இருக்கலாம். அந்த நிலையில் வாகனத்தைத் தொடர்ந்து ஓடாதீர்கள். உடனே காட்டுங்கள்.

அடைத்துவிடலாமா?

"இந்த வால்வால் தொல்லை. ஒரு தகடு வைத்து அடைத்துவிடுவோம்" என்று சிலர் சொல்வார்கள். சோதனைக்காகத் தற்காலிகமாகத் தகடு வைத்து ஓடிப் பார்ப்பது கராச்சுகளில் உள்ள முறைதான். தகடு வைத்ததும் கறுப்புப் புகை நின்றால் குற்றவாளி வால்வு என்று தெரிந்துவிடும். பிறகு தகட்டை எடுத்துவிட வேண்டும்.

நிரந்தரமாக அடைத்தால் என்ன? கறுப்புப் புகை குறையும் என்பது உண்மை. வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்திற்கான புகைப் பரிசோதனையில் டீசல் வாகனத்திற்கு அளப்பது புகையின் அடர்த்தி. ஆகவே அடைத்த வாகனமும் அதில் தேறலாம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத நைதரசன் ஒட்சைட்டுகள் கூடிவிடும். பாடசாலை வாசலில் அந்தக் குழாய்க்குப் பின்னால் நிற்பவர்கள் எமது பிள்ளைகள். பெற்றோல் வாகனத்தில் தட்டும் சத்தம் தொடங்கி எஞ்சினுக்கும் கேடு வரலாம். புதிய வாகனங்களில் எஞ்சின் விளக்கு எரிந்தபடியே இருக்கும். பிறகு வேறொரு பெரிய கோளாறுக்கு அந்த விளக்கு எரிந்தாலும் உங்களுக்குத் தெரியாமல் போகும்.

கராச்சில் கேட்க வேண்டியவை

பெண் ஒருவர் தனியே கராச்சுக்குப் போனால், "வீட்டில ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?" என்ற கேள்வி இன்னும் வருகிறது. அதற்காக ஒதுங்கி நிற்க வேண்டாம், சண்டையும் வேண்டாம். விபரம் தெரிந்து கேட்டால் மரியாதை தானே வரும்.

"அக்கா, இ.ஜி.ஆர். வால்வு போட்டுது. புதுசு போட்டாத்தான் சரிவரும்" என்று மெக்கானிக் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் இப்படிக் கேட்கலாம்: "தம்பி, போட்டுது எண்டு எப்பிடிக் கண்டனீர்? கழட்டி எனக்கு ஒருக்காக் காட்டும். முதல்ல கழுவிப் பாப்பம். சரிவராட்டி மாத்துவம்."

நல்ல தொழிலாளி இந்தக் கேள்விக்குக் கோபிக்க மாட்டார். கழற்றிக் கையில் தந்து, கரியைக் காட்டுவார். மேலும் நான்கு விடயங்களை நினைவில் வைத்திருங்கள். வந்த குறியீட்டைக் கேட்டு எழுதுங்கள். வேலை தொடங்க முன்னரே கூலியையும் சாமான் விலையையும் தனித்தனியே பேசுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பற்றுச்சீட்டை வாகனப் புத்தகத்தோடு பத்திரப்படுத்துங்கள்.

மீண்டும் கரி பிடிக்காமல்

கழுவிய வால்வு சில மாதங்களிலேயே மறுபடி அடைபட்டால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. இன்ஜெக்டர் ஒழுகலாம், டேர்போ ஒயில் விடலாம். அதைப் பார்க்க வேண்டும்.

எஞ்சின் ஒயிலையும் ஒயில் பில்டரையும் குறித்த கிலோமீற்றரில் மாற்றுங்கள். எயார் பில்டரைப் புழுதிக் காலத்தில் அடிக்கடி பாருங்கள். பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது எஞ்சினை நிறுத்துங்கள். குறுந்தூரம் மட்டும் ஓடும் வாகனமாயின், வாரத்தில் ஒரு நாளாவது ஏ-9 வீதியில் அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓடவிடுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறினால் கரி படிவது குறையும். வாகனத்திற்கென ஒரு கொப்பி வைத்து, திகதி, கிலோமீற்றர், அடித்த டீசல், செய்த வேலை ஆகியவற்றை எழுதி வாருங்கள். சாரதி மாறினாலும் கராச் மாறினாலும் அந்தக் கொப்பி உண்மையைச் சொல்லும்.

இந்த வேலையில் விருப்பமுள்ள பெண்பிள்ளைகள் இதனைத் தொழிலாகவே கற்கலாம். 2016இல் கிளிநொச்சி அறிவியல்நகரில் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் மோட்டார் வாகனத் தொழில்நுட்பமும் ஒரு பாடநெறி. உயர்தரம் முடித்துவிட்டு என்ன செய்வதென்று வீட்டில் இருக்கும் பிள்ளைகளோடு இதைப் பற்றிக் கதைத்துப் பாருங்கள். ஒரு பெண்ணின் கையில் சாவியும் ஸ்பனரும் இருக்கும் கராச் ஒன்று பக்கத்து ஊரில் இருந்தால், வாகனம் வைத்திருக்கும் மற்றப் பெண்கள் தயக்கமின்றிப் போய்க் கேட்பார்கள்.

வாகனம் புகைக்கத் தொடங்கினால் மனம் கலங்குவது இயல்பு. லீசிங் தவணையும் பிள்ளைகளின் படிப்பும் ஒன்றாகக் கண்முன்னே வந்து நிற்கும். ஆயினும் பதறிப்போய்க் காசை எடுத்து நீட்ட முன்னர் புகையின் நிறத்தைப் பாருங்கள், பில்டரைப் பாருங்கள், குழாயைப் பாருங்கள். பிறகு வால்வைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். இவற்றில் முதல் மூன்றுக்கும் ஒரு சதமும் செலவில்லை.